தையல் இல்லாத ஆபரேஷன்

"ஏட்டி ஜெயபாய், இங்க வந்து பாரு. நேத்தைய விட இன்னைக்குச் சிவப்பு கூடியிருக்கா, இல்லையா?"

புறவாசலில் நின்று, ஒரு கண்ணாடிப் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார் சோலைராஜ். உள்ளே இருந்தது அவருடைய சிறுநீர்.

ஜெயபாய் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நேத்து நன்னாரி சர்பத்து மாதிரி இருந்துச்சு. இன்னைக்குத் தண்ணி கூடிப்போன சர்பத்து. கொறைஞ்சுக்கிட்டுத்தான் வருது."

"நல்லாப் பாரு."

"இதுக்கு மேல நல்லாப் பாக்கணும்னா குடிச்சுத்தான் பாக்கணும். கீழ வையுங்க, பக்கத்து மாடியில இருந்து பாக்காவ."

சோலைராஜுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் கட்டுத்துணி அனுப்புகிறவர்தான். ஆனால் அந்தத் துணியில் ரத்தம் பட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே நாற்காலியைத் தேடுவார். அவருடைய அப்பா சிறுநீர் அடைத்துக்கொண்டு ஒரே பகலில் போய்ச் சேர்ந்தவர். அதனால் தனக்கும் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி வீங்கி வழியை அடைக்கிறது என்று தெரிந்தபோது, அவருக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. மதுரை டாக்டர், "வயித்தைக் கிழிக்கவே மாட்டோம். விளக்கு வச்ச சின்னக் குழாயை வர்ற வழியாவே உள்ள விட்டு, அடைப்பைச் சுரண்டி எடுத்திருவோம்" என்று சொன்ன பிறகே சம்மதித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, பஸ்ஸில் குலுங்கக் கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சில வாரங்களுக்குச் சிவப்பும் எரிச்சலும் அவசரமும் இருக்கும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். சுரண்டி எடுத்த சதையைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவை வாங்கி வந்தவன் ஜெயபாயின் தம்பி மாரிச்சாமி.

"ஒண்ணுமே இல்லையாம் அத்தான். சுத்தமாம்."

அதைச் சொல்லும்போது மாரிச்சாமி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். உயிர் சம்பந்தப்பட்ட சேதியை யாராவது வாயில் பழத்தோடு சொல்வார்களா? முகத்தை மறைக்கத்தான் பழம் என்று சோலைராஜ் முடிவு செய்தார். பயம் அன்றைக்கே வீட்டுக்குள் வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டது.

வெளியே யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்திலா ஆபரேஷன் நடந்திருக்கிறது? குடலிறக்கம் என்று சொல்லிவைத்தார்கள்.

முதலில் பார்க்க வந்தவர் தவசிமுத்து. எதிர்க்கடைக்காரர், தொழிலில் போட்டியாளர். ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலில் வைத்துவிட்டு, "எங்க, தையலைக் காட்டும்" என்றார்.

"தையலா?"

"எனக்கும் குடலிறக்கம் பண்ணியிருக்குவே. எம்புட்டு நீளம் போட்டிருக்கான்னு பாப்போம்."

சோலைராஜ் வேட்டியை இறுக்கிப் பிடித்தார். வேறு வழியில்லாமல் தாழ்ந்த குரலில் உண்மையைச் சொன்னார். தவசிமுத்துவின் கண்கள் விரிந்தன. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கத்தியே வைக்கலையா?"

"இல்ல."

"ரொம்ப வலிச்சுதோ?"

இந்தத் தவசிமுத்துவின் வாயிலிருந்து இவ்வளவு மெதுவாக ஒரு பேச்சு வந்ததே இல்லை. பிறகு, "செத்த நேரம் பொறவாசலுக்குப் போயிட்டு வாரேன்" என்று எழுந்து போனவர் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் ஈரம். சோலைராஜின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து தெருவின் வயசான ஆம்பளைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். யாரும் சேர்ந்து வரவில்லை. ஜெயபாயைக் காப்பி போட அனுப்பினார்கள். கதவைச் சாத்தினார்கள். கிசுகிசுவென்று கேட்டார்கள். போகும்முன் தவறாமல் புறவாசல் பக்கம் போய், வெகுநேரம் கழித்து, தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள்.

ஜெயபாய்க்கே ஆச்சரியம். "அதென்னங்க, வாரவிய அம்புட்டுப் பேரும் பொறவாசலுக்குப் போறாவ?"

"அழுறதுக்கு."

"என்னது?"

"எம் முன்னால அழக் கூடாதுன்னு அங்க போய் அழுதுட்டு வாரானுவ. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நீயும் ஒந்தம்பியுந்தான் எங்கிட்ட மறைக்கிய."

"அந்த ரிசல்ட்ட நீங்களே படிச்சுப் பாருங்களேன்!"

"அதையும் அந்தப் பயதான வாங்கியாந்தான்."

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் போதகரை வரவழைத்தார். ஆண்டவரின் ஊழியர் பொய் சொல்ல மாட்டார் அல்லவா? போதகர் வந்தார். ஜெபம் செய்தார். பிறகு அவரும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதுக்கு முந்தி ராத்திரியில அடிக்கடி முழிப்பு வருமா, அண்ணாச்சி?"

"வரும் ஐயா."

"எந்திரிச்சுப் போனாலும் மனசுக்கு ஒரு நிம்மதி கிடைக்காது, இல்லையா?"

பாவ அறிக்கைக்குத் தயார் செய்கிறார் என்று சோலைராஜுக்குப் புரிந்தது. கண் கலங்கத் தலையாட்டினார். போதகரும் கலங்கினார். பெருமூச்சு விட்டு எழுந்தவர், "பொறவாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ஊழியக்காரரே அழப் போய்விட்டார். இனிமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

அடுத்து வந்தவர்தான் நடக்காது என்று நினைத்ததை நடத்தியவர். கருத்தப்பாண்டி. ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு, அடுத்த வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் புறவாசல்வரை போகும் ஒரு சந்து. அது சோலைராஜின் பாட்டன் சொத்து. தன்னுடைய பசுமாடு போய்வர அந்தச் சந்தில் வழி வேண்டும் என்று ஏட்டு ஆறு வருஷத்துக்கு முன்பு கேட்டார். சோலைராஜ் அன்றைக்கே கதவு போட்டுப் பூட்டினார். ஏட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். மாடு செத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது, வழக்கு மட்டும் சாகவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்தக் கருத்தப்பாண்டி கையில் ஹார்லிக்ஸோடு வாசலில் நின்றார்.

ஜென்ம விரோதி வீடு தேடி வந்துவிட்டான். சாவு வீட்டுக்குத்தான் பகையை மறந்து வருவார்கள். இவன் கொஞ்சம் முன்கூட்டியே வந்திருக்கிறான். சோலைராஜ் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"மெலிஞ்சு போயிட்டீக, அண்ணாச்சி" என்றார் ஏட்டு. கதவைச் சாத்தினார். "நெசமாவே தையல் இல்லையா?"

"இல்ல ஏட்டையா."

"வீட்டுக்கு வந்த பொறவு... எப்படி இருக்கு?"

"எரிச்சல் இருக்கு. பயம் இருக்கு."

"பயம் எனக்குந்தான் அண்ணாச்சி" என்று சொல்லி, ஏட்டு பல்லைக் கடித்துக்கொண்டு புறவாசலுக்கு ஓடினார். வந்தவர்களிலேயே அதிக நேரம் அழுதவர் அவர்தான்.

திரும்பி வந்ததும் சோலைராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டையா, அந்தச் சந்து ஒங்களுக்கே. எழுதித் தந்திருதேன். பகையோட போக எனக்கு மனசில்ல."

ஏட்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். "இப்ப அதுக்கு என்ன அவசரம்?"

"அவசரந்தான். எந்த நிமிசம் என்ன ஆகும்னு யாரு கண்டா?"

"அதென்னமோ வாஸ்தவம்" என்றார் ஏட்டு, மனம் நொந்து.

ஜெயபாய் அழுது பார்த்தாள். புறவாசலில் கட்டப்போகும் துணிக் குடோனுக்குச் சரக்குப் போய்வர அந்தச் சந்தைத்தான் நம்பியிருந்தார்கள். "வெறும் பயத்துல பாட்டன் சொத்தக் குடுக்கியளே!" சோலைராஜ் கேட்கவில்லை.

பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு டாக்சி பிடித்தார்; ஜெயபாய் கோபத்தில் வரவில்லை. "தனியா விட மாட்டோம், நாங்களும் கூட வாரோம்" என்று ஏட்டும் அவர் மனைவி குருவம்மாளும் ஏறிக்கொண்டார்கள். குருவம்மாளின் மடியில் ஒரு பெரிய பை. அதில் போர்வை, பிளாஸ்க், மாற்று வேட்டி. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னேற்பாடு என்று சோலைராஜ் புரிந்துகொண்டு, அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

ஊர் எல்லை தாண்டவில்லை, அவருக்கு அவசரம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லிப் புளியமரத்தடிக்குப் போனார். ஏட்டும் இறங்கினார்.

"நீங்க எதுக்கு ஏட்டையா?"

"துணைக்கு."

வன்னியம்பட்டி விலக்கில் மறுபடியும் நிறுத்தம். ஏட்டு மறுபடியும் துணைக்கு இறங்கினார். சோலைராஜ் முடித்துவிட்டு வண்டிக்கு வந்த பிறகும், ஏட்டு மரத்தைப் பார்த்து முதுகைக் காட்டி நின்றுகொண்டே இருந்தார். 'எவ்வளவு ஈரமான மனசு! இதை இத்தனை வருஷம் பகைத்தோமே' என்று சோலைராஜ் கண்ணைத் துடைத்தார்.

தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது. இனிமேல் இதைப் பார்ப்போமா என்று நினைத்துக்கொண்டே தண்ணீர் குடித்தார். குடித்ததால் இன்னொரு மரம் தேட வேண்டியதாயிற்று.

கோர்ட்டில் வேலை சீக்கிரம் முடிந்தது. வருமானம் போகிற வருத்தத்தோடு இரண்டு வக்கீல்களும் சமாதானப் பத்திரம் எழுதினார்கள். சோலைராஜ் கையெழுத்துப் போட்டார். சந்து ஏட்டுக்குப் போனது. ஏட்டு கையெழுத்துப் போட்ட கையோடு, கோர்ட்டுக் கழிப்பறை எங்கே என்று டவாலிச் சேவகரிடம் கேட்டு ஓடினார்.

வராந்தா பெஞ்சில் சோலைராஜ் தளர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் பையோடு குருவம்மாள்.

"அம்மா, நான் போன பொறவு ஜெயபாயக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

"எங்க போறீக?"

"மறைக்காதீங்கம்மா. ஊரே வந்து எங்க பொறவாசல்ல அழுதுட்டுப் போயாச்சு. இந்தா, ஏட்டையா இப்பக்கூட அழத்தான் போயிருக்காரு."

குருவம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை.

"அழவா? அட நீங்க வேற! தெருவுல பாதி ஆம்பளைக்கு உங்க கோளாறுதான். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உங்ககிட்ட வெசாரிக்க வந்தாக. போன எடத்துல ஒண்ணுக்கு லேசுல வராம நின்னுக்கிட்டே இருந்திருப்பாக. இப்ப இவுகளும் அதே டாக்டர்கிட்டதான் படுக்கப் போறாக. இங்கருந்து நேரா மதுரைக்குத்தான், அதுக்குத்தான் இந்தப் பை."

சோலைராஜுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் எழுந்தே விட்டார். அப்படியானால் தான் சாகப்போவதில்லை. அப்படியானால் அந்தச் சந்து?

குருவம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: "அந்த டாக்டரு வெலாசத்த மட்டும் ஆறு வருசத்துக்கு முந்தியே யாராச்சும் சொல்லியிருந்தா இந்தக் கேஸே கெடையாது அண்ணாச்சி, மருமக படுத்திருக்க வீடு வழியா ராத்திரி பூரா பொறவாசல் கக்கூசுக்கு நடக்க வெக்கப்பட்டுத்தான், மாட்டச் சாக்கு வச்சு, இவுக உங்க சந்தக் கேட்டாக."