பூஞ்சைக்குக் கண்ணீர் அஞ்சலி

மரக்காணம் கடற்கரை இவ்வுலகுக்கு வழங்கிய கொடைகளில் தலையாயது, சாய ஆலையின் 'சுற்றுச்சூழல் மேலாளர்' சகாதேவன்தான்.

அவருடைய கருணையால் ஆலைக் கழிவுநீர் வாய்க்கால் வழியே உப்பளத்துக்குள் புகுந்து, வெள்ளையாகவே விளைந்து சலிப்பூட்டிய உப்பைக் கத்தரிப்பூ நிறத்துக்கு உயர்த்தியிருந்தது. குத்தகைக்கு உப்பளம் எடுத்திருந்த மேரிசெல்விக்கு அந்த அழகை ரசிக்கத் தெரியவில்லை. ஒரு கூடை உப்பைக் கொண்டுவந்து சகாதேவனின் மேசைமேல் கொட்டினார்.

"வியாபாரி வாங்க மாட்டேன்றான் சார். கோலப்பொடின்னு வித்துக்கோன்றான். இந்த சீசனே போச்சு."

சகாதேவனுக்கு வியர்த்தது. மேலிடத்துக்குத் தெரிந்தால்? உடனே நுண்ணுயிர் ஆய்வாளர் கலைமதியை வரவழைத்தார். அவர் வாய்க்கால் சேற்றைக் கிளறி, சாயத்தைத் தின்றே உயிர்வாழும் ஒரு பூஞ்சையைக் கண்டுபிடித்தார். குடுவையில் வளர்த்துப் பார்த்ததில் ஊதாத் தண்ணீர் வெளுத்தே போனது.

சகாதேவன் குடுவையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

"சம்பளம் கேக்காது, லீவு கேக்காது. என்னா ஸ்டாஃபு!"

"சார், சுத்திகரிப்பு பிளாண்ட் எப்பவும் ஓடணும். மிச்சம் மீதி சாயத்தத்தான் இது தின்னும்."

"மிச்சம் மீதியா? என்ன மேடம், நம்ம ஸ்டாஃபுக்கா?"

பாராட்டு விழா நடந்தது. குடுவைக்குப் பொன்னாடை போர்த்தி, 'ஆண்டின் சிறந்த ஊழியர்' கேடயமும் வழங்கி, பூஞ்சையை வாய்க்காலில் பணிக்கு இறக்கினார்கள். பூஞ்சையின் வாய்ச்சோற்றை இயந்திரம் பறிக்கலாகாது என்ற அறவுணர்வால், பிளாண்டின் மோட்டாரைச் சகாதேவனே தம் திருக்கரத்தால் நிறுத்தினார். கைதட்டல் கீழ்புத்துப்பட்டு வரைக்கும் கேட்டதாம்.

சாயம் கட்டுக்கடங்காமல் பாய்ந்தது. மறுவாரமே கலைமதி வாய்க்கால் கரையிலிருந்து போன் செய்தார்.

"சார், பூஞ்சை மொத்தமும் செத்துடுச்சு."

சகாதேவன் நாற்காலியில் சரிந்தார். இனி யார்மேல் பொறுப்பைப் போடுவது? நிஜமாகவே அழுதார். ஆனாலும் கடமை தவறாமல் இரங்கல் கூட்டம் கூட்டினார். 'மீளாத்துயில் கொண்ட எங்கள் சக ஊழியருக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று ஆலை வாசலில் பேனர் எழுந்தது. ஓர் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பூஞ்சை. நடுவில் கைகூப்பியபடி ஆளுயரச் சகாதேவன்.

மௌனம் அனுசரித்து முடிந்ததும், 'பொதுமக்கள் சார்பில்' மேரிசெல்வியிடம் மைக்கை நீட்டினார்.

"உருக்கமா ரெண்டு வார்த்தை பேசும்மா."

மேரிசெல்வி பேனரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"கரெக்டாத்தான் போட்டுக்கிறீங்க சார். செத்தது ஓரமா சின்னதா கிடக்குது. கொன்னது நடுவுல பெருசா நிக்குது."