ரவுண்டானா நீரூற்றும் உங்கள் தென்னந்தோப்பும்

உடுமலைப்பேட்டையில் தென்னைகளோடு சௌக்கியமாயிருக்கும் மச்சான் கதிர்வேல் அவர்களுக்கு, திருப்பூரிலிருந்து தங்கை வீட்டுக்காரன் ராசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் நலம். அங்கு நீங்கள், அக்கா, மரங்கள் எல்லாம் நலமா? நீரூற்றும் நலந்தானே?

ஏன் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். முப்பது வருடம் பனியன் கம்பெனியில் பழுதுள்ள இடமெல்லாம் அம்பு ஸ்டிக்கர் ஒட்டும் செக்கிங் மாஸ்டராக இருந்தவன் நான், என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. உங்கள் அப்பா, என் மாமனார் ஆத்தப்பன், முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர் கப்பலேறிய சந்தோஷத்தில் இங்கே நாலு ரோட்டு ரவுண்டானாவில் தம் பெயர் பொறித்து வைத்த அந்தத் தாமரை நீரூற்று என்ன சாதாரணமானதா? முதல் மூன்று மாதம் தெளிந்த தண்ணீர் பீய்ச்சியது, அப்புறம் போர்வெல் தண்ணீரில் சாயப்பட்டறைச் சாயம் இறங்கி ஒரு நாள் ஊதா, ஒரு நாள் சிவப்பு. டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் பார்த்தே ஊரில் எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் மோட்டார் எரிந்து, இருபது வருடம் புறாக்கள்தான் குடியிருந்தன. அதுவரை உங்களுக்கு அதன்மேல் அக்கறை இல்லை. போன பொங்கலுக்குத்தான், "அப்பா பேர்ல இருக்கறது இப்படிக் கெடக்குதுங்களே மாப்பிள்ளை" என்று கண் கலங்கினீர்கள். அப்போதே எனக்கு எங்கேயோ இடித்தது.

இந்தத் திங்கட்கிழமை பார்த்தால் நீரூற்றைக் காணோம். இருந்த இடத்தில் பூந்தொட்டி. டீக்கடை மூக்கையாவைக் கேட்டேன். "வண்டியில ஏத்திக் கொண்டு போயிட்டாவ அண்ணாச்சி" என்றார். என்ன வண்டி? "தேங்கா நார் கெடந்துச்சு." பனியன் ஊரில் தேங்காய் நாருக்கு என்ன வேலை? உடனே உங்களுக்குப் போன் செய்தேன். பின்னால் சலசலவென்று தண்ணீர்ச் சத்தம். கேட்டதற்கு, "சொட்டுநீர்க் கொழாய் ஒடஞ்சு போச்சுங்க" என்றீர்கள். சொட்டுநீர் சலசலக்குமா மச்சான்?

வெள்ளிக்கிழமை மாமாவுக்குத் திதி. வருடாவருடம் நீரூற்றில் அவர் பெயர் பொறித்த கல்லுக்கு மாலை போடுகிறவள் உங்கள் தங்கை சாரதாமணி. "எங்கப்பன் பேரு எங்கீங்க போச்சு?" என்று மூன்று நாளாக அழுகிறாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. எடுத்தது உன் அண்ணன்தான் என்றேன். "எங்கண்ணன் எடுத்திருந்தா கும்புட்டுக்குவேன். வேற எவனாச்சும்னா, சாகற வரைக்கும் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள். ஆகவே வெள்ளிக்கு முன் உண்மையை ஒப்புக்கொள்ளவும்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் தோப்பு குலை குலையாய்க் காய்க்கட்டும்.

இப்படிக்கு,
சந்தேகம் தீராத ராசப்பன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடப் போனவனை மூக்கையா மறித்து, விசாரித்து வைத்திருந்ததைச் சொன்னார். நீரூற்றின் விரிசல்களைப் பூசட்டும் என்று நான்தான் போன மாதம் ஒவ்வொன்றுக்கும் செக்கிங் அம்பு ஸ்டிக்கர் ஒட்டினேன், நாற்பத்தேழு. ரவுண்டானாவைப் புதுப்பிக்க வந்தவர்கள் எல்லாம் முன்னாள் பனியன் கம்பெனி ஆட்களாம். பீஸ் முழுக்க அம்பைப் பார்த்ததும் ரிஜெக்ட் என்று பழைய சாமான் கடைக்கு ஏற்றிவிட்டார்கள். நார், அந்த வண்டியின் முந்தைய லோடாம். நீரூற்றை மீட்டு வேனில் அனுப்புகிறேன். டிரைவர் கையில்தான் இந்தக் கடிதமும். இறக்கிக்கொண்டு, நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று தங்கையிடம் சொல்லிவிடுங்கள். காலில் விழுகிறேன் மச்சான். வெள்ளிக்கிழமை மாலை போட அவள் அங்கு வருவதற்குள் ஸ்டிக்கரை எல்லாம் உரித்துவிடவும். பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றிலும் என் இனிஷியல் போட்டிருக்கிறேன்.