மண்டோர் தைத்த கோர்செட்

ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டின் சுண்ணாம்பு மலையையே "நேரா நில்லுலா" என்று அதட்டக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். மலை கேட்டதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வரிசை வீடுகளில் இருந்த மற்ற எல்லாரும் கேட்டோம். அவருடைய பெயர்கூட எங்களில் யாருக்கும் தெரியாது. மண்டோர் என்றால் தபால்காரருக்கே போதுமானதாக இருந்தது.

ரப்பர் தோட்டத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுக்க மரம் வெட்டுகிறவர்களை மேய்க்கிறவருக்கு மண்டோர் என்று பெயர். இவர் சுங்காய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருஷம் மண்டோராக இருந்தவர். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். வெட்டுக்காரர்கள் மூலைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். எழுபதுகளின் நடுவில் மனைவி பாக்கியம் அக்காவையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். ஆளைத்தான் மாற்றிக் குடிவைத்தார்களே தவிர, அவருக்குள் இருந்த மண்டோரை யாராலும் வேலையிலிருந்து நிறுத்த முடியவில்லை.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். மண்டோர் அதை எங்கள் ரோட்டிலும் நடத்தினார். காலை ஆறரைக்கு விறைப்பாகத் தேய்த்த காக்கிக் கால்சட்டையோடு நடுரோட்டில் நிற்பார். வேலைக்குக் கிளம்பும் மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் அவரிடம் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

"என்னலா, நேத்து லேட்டு, இன்னிக்கும் லேட்டா?"

"செயின் அந்துருச்சு மண்டோரண்ணே."

"மரம் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? கெளம்பு, ஜலான், ஜலான்."

அந்த ஆள் வேலை செய்வது சிமெண்டுத் தொழிற்சாலையில். அங்கே ஏது மரம் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. காய்ச்சல் வந்தவர்கள்கூட போர்வையோடு வாசலுக்கு வந்து லீவு சொல்லிவிட்டுப் போய்ப் படுப்பார்கள். ஒரு நாள் ரொட்டி கொண்டுவரும் சீனக் கிழவரைப் பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டார். அவரும் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, தன் முறை வந்ததும் கையைத் தூக்கி "அடா" என்றார். மலாயில் அதற்கு 'இருக்கிறேன்' என்று அர்த்தம். மறுநாளிலிருந்து அவர் தானாகவே வந்து நின்றார்.

இவ்வளவு அதட்டல் உள்ள மனிதர் தன் வீட்டுப் படி ஏறினால் குரல் பாதியாகிவிடும். காரணம் பாக்கியம் அக்காவின் முதுகு.

அக்கா நாலு வருஷமாகப் பெரும்பாலும் கட்டிலில் இருந்தார். நடப்பார், சமைப்பார், ஆனால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. இடுப்பில் பிடித்துக்கொள்ளும். படுத்தே காய்கறி நறுக்குவார், படுத்தே அரிசியில் கல் பொறுக்குவார். அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை தியேட்டரில் ஒரு படம் பார்க்க வேண்டும் என்பது. தோட்டத்தில் திடலில் திரை கட்டிப் படம் போட்ட காலத்தில் ஒன்றைக்கூட விட்டதில்லையாம். இப்போது ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த படத்தின் கதையைக் கேட்பார். நான் ஈப்போ டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். என் கூடப்பிறந்த அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். கதை சொல்ல எனக்கும் பிடிக்கும்.

ஒரு நாள் கதை முடிந்ததும் அவர் சொன்னார். "இனிமே நீ சொல்றதுதான் எனக்குப் படம். எந்திரிச்சுப் போவேங்கிற நெனப்பே போச்சு தங்கச்சி."

முதுகு எப்படிப் போனது என்றும் அன்றைக்குத்தான் சொன்னார். அக்காவும் அவருக்குக் கீழேதான் மரம் வெட்டினார். மழை விட்ட ஒரு காலை. மலைச்சரிவில் தோளில் சுமக்கிற காண்டா கம்பின் இரண்டு பக்கமும் ரப்பர் பால் வாளி. இடுப்பு பிடிக்கிறது, யாராவது ஒரு வாளியைத் தூக்கட்டும் என்று கேட்டிருக்கிறார். மண்டோருக்கோ மனைவிக்குச் சலுகை காட்டுகிறார் என்று பேர் வந்துவிடக் கூடாது. இருபது பேர் முன்னால், "மண்டோர் பொண்டாட்டின்னா வாளி தானா நடந்து வருமா?" என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா தூக்கினார். மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் கால் வழுக்கியது.

"அதுக்கப்புறம் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல அவரு. நானும் கேக்கல," என்றார் அக்கா. எனக்கு மண்டோர்மேல் கோபம் வந்தது. ஒரு வாரம் பெரட்டுக்கு நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒரு கோர்செட் கொடுத்தார்கள். இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற கனத்த துணி. உள்ளே நெட்டுக்குத்தலாக எட்டு இரும்புப் பட்டைகள். யாரோ ஆறடி மனிதருக்காகச் செய்தது போலிருக்கிறது. அக்காவுக்கு அது அக்குளில் தொடங்கித் தொடையில் முடிந்தது. கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் துணி உட்கார்ந்தது, அக்கா அதற்குள் நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாளில் அது ஆணியில் தொங்கியது.

மூன்றாம் நாள் மண்டோர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒன் தையல் மெசின் வேணும்."

"என்ன தைக்கப் போறீங்கண்ணே?"

"பாக்கியத்துக்கு ஒரு கோர்செட்."

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"இருபது வருஷம் கத்தி புடிச்ச கையி. ஊசி என்ன பெரிய சூசா, கஷ்டமா?"

என் கைமெசின் பாவம், அதுவரை பாவாடை, தலையணை உறை தவிர வேறொன்றும் அறியாதது. அதை அவர் பெரட்டில் நிறுத்தினார். கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் "ஜலான், ஜலான்" என்று அதட்டினார். முதல் நாளில் மூன்று ஊசி உடைந்தது. உடைந்த ஊசியிடமும் காரணம் கேட்டார்.

துணிக்கு அவர் கடைக்குப் போகவில்லை. உறுதியான துணி என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். தன்னிடமிருந்த இரண்டு காக்கிக் கால்சட்டைகளில் ஒன்றைப் பிரித்தார். ஆஸ்பத்திரிக் கோர்செட்டையும் பிரித்து, இரும்புப் பட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ரம்பத்தால் பாதி நீளத்துக்குக் குறைத்தார். அக்காவை நிற்க வைத்து, தோட்டத்திலிருந்து கொண்டுவந்த அளவுக் கயிற்றை இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். தலையை ஆட்டிக்கொண்டார். வெட்டினார், தைத்தார். ஒரு வாரம் கழித்து, கட்டிப் பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள்.

கோர்செட் அக்காவின் வலது இடுப்பில் தொடங்கி, வயிற்றைத் தாண்டி, இடது இடுப்புக்கு வந்து, அங்கேயே முடிந்துவிட்டது. முதுகுப் பக்கம் ஒன்றுமே இல்லை.

மண்டோர் கயிற்றை எடுத்துப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடியும் கயிற்றைப் பார்த்தார். 

விஷயம் இதுதான். ரப்பர் மரத்தை முழுச் சுற்றும் வெட்டமாட்டார்கள். பாதிச் சுற்றில் வெட்டி, மறுபாதிப் பட்டையை ஆற விடுவார்கள். அதனால் மரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்ததும் அதை இரண்டாக மடித்துத்தான் அளவு குறிப்பார்கள். இருபது வருஷம் மடித்த கை அக்காவின் இடுப்பிலும் தானாக மடித்துவிட்டது.

பாக்கியம் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "மிச்சப் பாதி ஆறட்டும்னு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் முதுகு வலிக்கும். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு மேலும் சிரித்தார். அவர்கள் குடிவந்ததிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

முதல் கால்சட்டையில் மிச்சத் துணி இல்லை. மண்டோர் உள்ளே போனார். கைலி கட்டிக்கொண்டு வந்தார். அவர் கையில் இருந்தது, அதுவரை இடுப்பில் இருந்த இரண்டாவது கால்சட்டை.

மறுநாள் பெரட்டுக்குக் கட்டம் போட்ட கைலியோடு வந்து நின்றார். கைலியில் நிற்கிற மண்டோருக்கு யார் பயப்படுவார்கள்? அன்றைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் நிற்காமலே போனது. அவர் ஒரு கையால் கைலி முடிச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதட்டினார். எனக்கிருந்த கோபம் அங்கேதான் கரையத் தொடங்கியது.

இரண்டு பாதிகளையும் இரண்டு விலாவிலும் ஷூவுக்குக் கட்டுகிற சப்பாத்துக் கயிறு கோத்து இணைத்தார். தப்பாகப் பிறந்தாலும் அது நல்லதாகவே முடிந்தது. அக்காவுக்கு வேண்டிய பக்கம் இறுக்கலாம், வேண்டிய பக்கம் தளர்த்தலாம். ஆனால் இன்னொரு சங்கடம் இருந்தது. அறுத்த பட்டைகளின் முனை துணியைத் துளைத்துக்கொண்டு வந்து குத்தியது. சிமெண்டுப் படியில் தேய்த்துப் பார்த்தார். அப்படியும் குத்தியது. முனைக்கு மேலே கையால் குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டுப் பட்டையை நகரவிடாமல் பிடிக்க வேண்டும் என்று டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய்தான் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பூத்தையல் நூல் வாங்க மண்டோர் போனபோது நான் கூட இருந்தேன்.

"யாருக்கு மண்டோரு?" என்றார் பாய்.

மனைவியின் உள்ளுடுப்புக்கு என்று நாலு பேர் நடுவில் சொல்ல அவருக்குக் கூச்சம். "மரத்துக்கு," என்றார்.

"மரத்துக்கு என்ன கலர்ல எடுப்பீங்க?"

"சிவப்பு. அதுக்குச் சிவப்புதான் எடுப்பா இருக்கும்," என்றார் மண்டோர். பாய் சிரிக்காமல் நூல்கண்டைச் சுற்றிக் கொடுத்தார். அதற்காக அவருக்குச் சொர்க்கம் கிடைக்கட்டும்.

எட்டுப் பட்டைக்கும் மேலே ஒன்று கீழே ஒன்று, மொத்தம் பதினாறு முனைகள். சும்மா நாலு தையல் போட்டாலே பிடித்துக்கொள்ளும். மண்டோர் சும்மா போடுகிற ஆளா? இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிற சாய்வுத் தையல், ஒன்றின் கீழ் ஒன்றாக, மரத்தில் வெட்டு இறங்குவது போலவே. அடியில் பால் சேர்கிற மங்குக் கிண்ணம் மாதிரி ஒரு சின்ன வளைவு. பக்கத்தில் மூன்று இலை கொண்ட ரப்பர் கொத்து. ஒரு முனைக்கு இரண்டு நாள் ஆனது. சாய்வு ஒரு நூல் பிசகினாலும் "வெட்டு மட்டம் தப்பிருச்சு" என்று பிரித்துவிடுவார். வாசலில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கீழே தள்ளிக்கொண்டு தைத்தார். ரொட்டிக் கிழவர் தினமும் சைக்கிளை நிறுத்தி எத்தனை முடிந்தது என்று கேட்டுவிட்டுப் போவார்.

"சேலைக்கு உள்ள போடுறது. யார் பாக்கப்போறா இவ்ளோ வேலைய?" என்று நான் கேட்டேன்.

"காட்டுக்குள்ள இருக்கிற மரத்தக்கூட அசிங்கமா வெட்ட விட்டதில்ல நான். இது அவ ஒடம்புல இருக்கப்போவுது தங்கச்சி," என்றார். 

பிறகு பயிற்சி. மர நாற்காலியில் அக்கா, எதிரே அலாரம் கடிகாரம், பக்கத்தில் கைலியில் மண்டோர். முதல் நாள் இருபது நிமிஷம். அடுத்த வாரம் முக்கால் மணி. அக்கா முகத்தைச் சுளித்தால் மண்டோர் ஓடிப்போய்க் கயிற்றை இளக்குவார். பொழுது போக நான் பழைய படக் கதைகளைச் சொன்னேன். இரண்டு மாதத்தில் அக்கா மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். அன்றைக்கு அலாரம் அடித்ததும் மண்டோர் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் மட்டும் அப்படியே சிவப்பாக இருந்தது.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு மூவரும் கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் ஒரு சீன அம்மா நின்றுகொண்டிருந்தார். பாக்கியம் அக்கா முந்தானையை லேசாக விலக்கி, ரவிக்கைக்குக் கீழே சிவப்புத் தையலை அவருக்குக் காட்டி, "லாக்கி சாயா பூவாட்" என்றார். என் வீட்டுக்காரர் செய்தது என்று சொல்கிறார். சீன அம்மா குனிந்து தொட்டுப் பார்த்து மண்டோரை ஏற இறங்கப் பார்த்தார். மண்டோர் பஸ் வருகிறதா என்று எதிர்த்திசையில் தேடிக்கொண்டிருந்தார்.

தியேட்டரில் விளக்கு அணைந்தது. பெயர் ஓடியது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். முதல் பாட்டு முடியும்போது பிடி தளர்ந்தது. திரும்பிப் பார்த்தால், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் எழுப்பப் போனேன். மண்டோர் என் கையைத் தட்டினார். "வேணாம். வலி இல்லாம ஒக்காந்து தூங்குறா. நாலு வருஷத்துல இதான் மொதல் தடவ. தூங்கட்டும்." பின்வரிசையில் விசில் அடித்தவனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கைலி கட்டியிருந்தும் அந்தப் பார்வைக்கு விசில் நின்றது. அதன்பின் சினிமாவே பிடிக்காத அந்த மனிதர் முன்சீட்டில் கையை ஊன்றி, ஒரு காட்சி விடாமல் படத்தைப் பார்த்தார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

பஸ்ஸில்தான் புரிந்தது. அக்கா ஏமாற்றத்தோடு, "போச்சா, ஒண்ணுமே பாக்கலையே," என்றார். மண்டோர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்ன விதத்தில் கதாநாயகனே ஒழுங்காக வேலைக்கு வராத ஆள் போலத்தான் இருந்தான். கதாநாயகி தண்ணீர்க்குடத்தோடு படியில் வழுக்கி விழுகிற இடம் வந்தது. அங்கே நிறுத்திவிட்டார். பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டியது.

"அன்னிக்கு அந்த வாளிய நான் வாங்கியிருக்கணும் பாக்கியம்," என்றார். பஸ் சத்தத்தில் எனக்கே பாதிதான் கேட்டது, அவ்வளவு மெதுவாக.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே மண்டோரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி. விழுந்தவள யாரு தூக்குனா? மேல கதையச் சொல்லுங்க."

அவர் சொன்னார். நாங்கள் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது. எனக்கு மணியை அழுத்த மனம் வரவில்லை.