எல்லா அறையிலிருந்தும் குளம் தெரியும்

விடுமுறைக்கு மால்ட்டா தீவுக்கே போனாலும் சாப்பாடு மட்டும் வீட்டுச் சாப்பாடுதான் என்று முனாஃப் முடிவு கட்டிவிட்டார். மனைவி ஜைபுன் கையால் செய்த மீன் குழம்பும் சூடான ரொட்டியும் ஒரு வாரம் கிடைக்காவிட்டால் அவர் இளைத்துப் போவார். இளைப்பதற்கு அவரிடம் தாராளமாகவே இருந்தது, அது வேறு விஷயம்.

ஜைபுனின் ஆசையோ நேர் எதிர். வருஷம் முழுக்க இங்கிலாந்தில், லெஸ்டர் வீட்டு அடுப்படியில் நிற்பவள் அவள். ஒரு வாரமாவது யாரோ சமைத்துப் போட, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்காகவே ஒரு விடுதியைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். ஹலால் சாப்பாடு, அறையில் தொழும் திசை காட்டும் கிப்லா அடையாளம், காலையில் பெண்களுக்கென்று தனி நீச்சல் நேரம்.

“ஹலால்னு பலகை மாட்டிட்டா ஆச்சா? எந்தச் சட்டியில என்னத்தை வறுத்தானோ!” என்றார் முனாஃப்.

“உங்க தம்பி கல்யாணத்துக்கு பர்மிங்காம்ல மூணு தட்டு பிரியாணி சாப்பிட்டீங்களே, சட்டியை மோந்தா பார்த்தீங்க?”

“அது பர்மிங்காம். இது வேற ஊரு.”

“சரி, கடற்கரையில கொஞ்ச நேரம் காத்தாட உட்காரலாம்ல?”

“ஆகஸ்ட் மாசத்துலயா? அங்க எந்தக் கோலத்துல கிடப்பாங்க தெரியுமா? பார்வையைத் தாழ்த்தி நடந்தா யார் மேலயாவது தடுக்கி விழணும்.”

இரண்டையும் அடித்துவிட்ட தெம்பில் செல்போனை நீட்டினார். வாடகைக்கு ஒரு பழைய கல்வீடு. முற்றத்தில் நீச்சல் குளம்.

“பாரு, சுத்தி எவ்வளவு பெரிய மதில்! ஈ காக்கா எட்டிப் பார்க்காது. முக்காட்டை எடுத்துட்டு நாள் பூரா நீந்தலாம். எல்லா ரூம்லேர்ந்தும் குளம் தெரியும்!”

“சமையலறையிலேர்ந்து?”

“அது மட்டும் பின்பக்கம். நல்லதுதானே, உனக்குக் கவனம் சிதறாது.”

ஜைபுன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொல்றதுதான் சரி. மார்க்க விஷயத்துல விளையாடக் கூடாது. அந்த வீட்டையே எடுத்துடுங்க.”

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. அப்போதே முனாஃப் உஷாராகியிருக்க வேண்டும். அவரோ, அவள் மனசு மாறுவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார். இனி ரத்து செய்ய முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் நண்பர் சித்தீக்கைப் பிடித்துக்கொண்டார்.

“பொண்டாட்டியை மடக்கணும்னா சத்தம் போடக் கூடாது சித்தீக் பாய். மார்க்கத்தை எடுத்துச் சொல்லணும்.”

சித்தீக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் அடிபட்டவர். “அல்லாஹ் காப்பாத்தட்டும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஜைபுன் பெட்டி அடுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“ரூமெல்லாம் வீணாக் கிடக்குமேன்னு மைமுனாவையும் ஹவ்வாவையும் வரச் சொல்லிட்டேன். துணைக்கு என் தம்பி யூனுஸும் வர்றான்.”

முனாஃபுக்குச் சந்தோஷம்தான். கொழுந்தியாள் இரண்டு பேர் என்றால் சமையலுக்குக் கூடுதலாக நாலு கை.

“தாராளமா வரட்டும்!”

“அதான் யோசிக்கிறேன். அவங்க நீந்தும்போது நீங்க எங்க இருப்பீங்க? அவங்களுக்கு நீங்க அந்நிய ஆம்பளையாச்சே.”

“ரூம்ல இருந்துக்கறேன்.”

“எல்லா ரூம்லேர்ந்தும் குளம் தெரியும்.”

“திரையை இழுத்து விட்டுக்கறேன்.”

“வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டேன். எட்டிப் பார்க்க ஆளே இல்லாத வீட்டுக்குத் திரை எதுக்குன்னாங்க.”

“அப்ப கடற்கரைக்குப் போறேன்.”

“தடுக்கி விழுவீங்க. ஏற்கனவே முழங்கால் வலி.”

“ஏதாவது ஓட்டல்ல போய் உட்கார்ந்து…”

“எந்தச் சட்டியோ, என்னவோ.”

முனாஃப் வெட்டிய குழிகள் எல்லாம் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன.

“யூனுஸ் மட்டும் எங்க இருப்பான்?”

“அவன் எங்க கூடப் பொறந்தவன். குளத்துலயே கிடக்கட்டும்.”

“நாள் பூராவுமா நீந்துவீங்க?”

“நீங்கதானே நாள் பூரா நீந்தலாம்னீங்க?”

“அப்ப நான் எங்கதான் போறது?”

“பின்பக்கம் சமையலறை இருக்கே. உங்களுக்குக் கவனம் சிதறாது.”

“எனக்கு ரொட்டி போடத் தெரியாதே, ஜைபு!” ஜைபுவென்று அவர் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிறது.

“பழகிடும். ஹவ்வாவுக்கு மட்டும் மெல்லிசா வேணும், சொல்லிட்டேன்.”

முனாஃபுக்கு அழுகையே வந்தது. விடியற்காலை ஃபஜ்ர் தொழுததும், அவர்கள் குளத்துக்கு வரும் முன்னால் ஒரே ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். தன் பெட்டியைத் திறந்து நீச்சல் கால்சட்டையைத் தேடினார். கைக்குப் பூரிக்கட்டைதான் அகப்பட்டது.

“உங்க நீச்சல் கால்சட்டையை யூனுஸுக்குக் கொடுத்துட்டேங்க,” என்றாள் ஜைபுன். “அவனும் உங்க அளவுதான்.”