ஒட்டடைக்கம்பின் கால்சட்டை

அன்பு மைத்துனனும், கிரிக்கெட் கிளப்பின் செயலாளரும், முன்னொரு காலத்தில் என் சைக்கிளை இரவல் வாங்கிப்போய்ச் செயின் இல்லாமல் திருப்பித் தந்தவனும் ஆகிய உனக்கு, உன் அக்காவின் வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுவது. இங்கு நானும் அவளும் இஸ்திரிப் பெட்டியும் நலம். மூவரில் யாருக்குச் சூடு அதிகம் என்பது உனக்கே தெரியும். அங்கு நீயும், உன் வீட்டாரும், உன் மூட்டுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். எனக்கு எழுத்து வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் என் ஞாபகத்தில் கறை விழுந்து நீ பார்த்திருக்க மாட்டாய். அதை நம்பித்தான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை சவரக்கடையில் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். சவரக்கடைக்காரர் உங்கள் கிளப் அச்சடித்த நோட்டீசைச் சத்தமாகப் படித்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மைதானத்துச் சுவரில், ‘நம் கிளப்பின் வரலாற்றில் எதிரணியை நடுநடுங்க வைத்த வேகப்பந்து வீச்சாளர்கள்’ என்று பெயிண்டில் பெயர் எழுதப்போகிறீர்களாமே? எல்லாம் நாம் கூப்பிடும் பட்டப்பெயர்கள்தான். முதல் பெயர் ஒட்டடைக்கம்பாம், இரண்டாவது துருத்தியாம். நானும் காத்திருந்தேன், காத்திருந்தேன், நம் பளிங்கின் பெயர் வரவே இல்லை.

“கடைசியிலயாவது இருக்கா பாரும்” என்றேன்.

“இல்லைங்க.”

“பின்பக்கம் திருப்பிப் பாரும்.”

“பின்பக்கம் சோப்பு விளம்பரம்தாங்க இருக்கு.”

எனக்கு வந்ததே கோபம்! நுரையோடு எழுந்து நின்று, “ஒட்டடைக்கம்பு பேரு சுவத்துல முதல்ல ஏறிச்சுன்னா, அன்னைக்கே இந்த மீசை கீழ இறங்கும்! இது சத்தியம்!” என்று ஆறு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். ஐம்பது வருஷத்து மீசை, மச்சான். சவரக்கடைக்காரர் என்னடாவென்றால், சமாதானம் சொல்வதை விட்டுவிட்டு, கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார். ஆகவே இது பெயர்ப் பட்டியல் பற்றிய கடிதம் மட்டும் இல்லை, என் மூக்குக்குக் கீழே இருப்பதைக் காப்பாற்றக் கேட்கும் கடிதம்.

உனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்பாய். மைதானத்துக்கும் நம் சலவைக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு சுவர். நான் ஒரு ஆட்டத்தையும் கண்ணால் கண்டதில்லை, எனக்குக் கேட்டதெல்லாம் கூச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டம் முடிந்ததும் உங்கள் கிளப் உடுப்பு, வந்த கிளப் உடுப்பு, மொத்தமும் மூட்டையாக யாரிடம் வந்தது? நீங்கள் எல்லாரும் ஆட்டத்தை ஒரு பக்கமாகப் பார்த்தீர்கள், நான் துணியை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தவன். எவன் குப்புற விழுந்தான், எவன் பந்தைக் கண்டு பின்னாலேயே நடந்துபோய் ஸ்டம்பின் மேல் உட்கார்ந்தான், எல்லாம் எனக்குத் தெரியும். பெயர் எழுதி அடையாளம் வைக்க எனக்கு வராது என்பதால் ஆளுக்கொரு நூல் தையல் போட்டு வைத்திருந்தேன். ஒட்டடைக்கம்புக்கு மூன்று நீலத் தையல், துருத்திக்கு ஒரு பெருக்கல் குறி, பளிங்குக்கு ஒற்றைப் புள்ளி. துருத்தி வீசிய நாளில் எதிரணிக் கால்சட்டைகள் வந்து இறங்கிய கோலத்தைப் பார்த்து நானே கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன். எதிரணியில் ஆட வந்த ஒரு வங்கிக் கணக்கர், பாவம், அவர் கால்சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம். தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது என்றார். நானும் நம்பினேன். கறையைப் பற்றி வெளியே பேசாமல் இருப்பதுதான் எங்கள் தொழிலின் மானம். இதே துருத்தியின் பந்தை வலைப்பயிற்சியில் நீ சந்தித்த மறுநாள், உன் கால்சட்டை மட்டும் தனிப் பையில், முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டு வந்ததே, அதைப் பற்றி நான் இதுவரை யாரிடமாவது வாய் திறந்திருக்கிறேனா? இனியும் திறக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைவரை.

அதனால் துருத்தியைப் பற்றி எனக்கு வழக்கே இல்லை. ஒட்டடைக்கம்பைப் பற்றித்தான். நல்ல பிள்ளை, குனிந்துதான் கொட்டகைக்குள் வருவான், வரும்போதெல்லாம் விட்டத்தில் இடித்துக்கொள்வான். ஆனால் அவனைப் போல அடிவாங்கிய ஜீவனை நான் பார்த்ததே இல்லை, மச்சான்! வாரம் தவறாமல், வலது தொடையில், ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. மற்றவர்களுக்கு எங்கேயோ ஒரு நாள் ஒரு பொட்டுச் சிவப்பு இருக்கும். இவனுக்கு மட்டும் குங்குமத்தில் உட்கார்ந்து எழுந்த மாதிரி. எந்தப் பாவி இந்தப் பிள்ளையின் தொடையையே பந்தால் குறிவைத்து அடிக்கிறான் என்று எனக்கு வயிறு எரியும். நடுங்க வைத்தானாம்! நடுங்கியவனே அவன்தான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

“ஏன் தம்பி, எப்பப் பாத்தாலும் தொடையில இப்படிச் சிவப்பா?”

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், “என்னண்ணே பண்றது? ஒரே பக்கமா விடாம தேய்க்கணும். தேய்ச்சாத்தான் வளையுது.”

அந்த வயதிலேயே எண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் கால் வளைகிறது என்றால், எத்தனை அடி விழுந்திருக்க வேண்டும்! (இந்த இடத்தில் உன் அக்கா பேனாவை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். என்னவென்று கேட்டால் தும்மலாம்.) அன்றே ஒரு சீசா வலி எண்ணெய் வாங்கி அவன் துணி மூட்டைக்குள் வைத்தேன். அதோடு விட்டேனா? பந்து வந்து மோதுகிற அந்த இடத்தில், வெளிப்பக்கமாக, மெத்தென்ற வெள்ளைப் பிளானல் துணியில் ஒரு ஒட்டுப் போட்டுத் தைத்தேன், அடி கொஞ்சமாவது வலிக்காமல் இருக்கட்டும் என்று. அவனுடைய எல்லாக் கால்சட்டைக்கும் தைத்தேன். அடுத்த வாரம் அவன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நீங்க தெய்வம்ணே!” என்றான். அப்படிக் கண்கலங்கி நின்ற பிள்ளையைச் சுவரில் ஏற்றி ‘நடுநடுங்க வைத்தவர்’ என்று எழுதுவது அவனையே கேலி செய்வது போல ஆகாதா?

இப்போது பளிங்கைப் பார். பதினோரு வருஷம் அந்த ஒற்றைப் புள்ளிக் கால்சட்டை என் கைக்கு வந்தது. ஒரு கறை உண்டா? புல் உண்டா? மண் உண்டா? துவைக்காமலேயே மடித்துக் கொடுக்கலாம். அந்த மனிதரை நெருங்க ஒரு பந்துக்குத் துணிச்சல் இருந்திருக்கிறதா? புலியின் தோலில் எங்காவது ஆட்டின் கொம்பு பட்டிருக்கிறதா? ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுநடுவே கூட்டம் மொத்தமும் “பளிங்கு வர்றாரு, பளிங்கு வர்றாரு!” என்று கைதட்டுவது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிடும். அந்த அமைதியிலேயே தெரியவில்லையா, அங்கே எதிரணி என்ன பாடு பட்டிருக்கும் என்று? (உன் அக்காவுக்கு மறுபடியும் தும்மல். சலவைத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.)

இந்தக் காலத்து ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதே. தொலைக்காட்சியில் பச்சை, நீலம், மஞ்சள் என்று உடுப்புப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். எவன் அடி வாங்கினான், எவன் அடி கொடுத்தான் என்று கறையை வைத்துச் சொல்ல முடியாத ஆட்டம் ஒரு ஆட்டமா? ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுவேன்.

ஆகவே மச்சான், பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் பளிங்கை முதலில் போடு, துருத்தியை இரண்டாவதாகப் போடு, ஒட்டடைக்கம்பை வேண்டுமானால் ‘பொறுமைசாலிகள்’ என்று வேறொரு சுவரில் போடு. உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நோய்நொடி இல்லாமல், போட்ட சட்டை கசங்காமல், நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். உன் மூட்டுக்கு அந்த வலி எண்ணெய் நல்லது, ஆனால் விடாமல் தேய்க்க வேண்டும். தேய்த்தால்தான் வளையும்.

இப்படிக்கு,
மீசை இன்னும் உள்ள உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். அவர் உறையைத் தேடி உள்ளே போயிருக்கிறார், உறை என் மடியில் இருக்கிறது. அவர் கீழே துணி அவிக்கும் கொப்பரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம், துணி காயப்போட மாடிக்குப் போனது நான். மாடியிலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கத் தெரியும். ஒரு ஆட்டம் விட்டதில்லை. ஒட்டடைக்கம்பு தொடையில் தேய்த்தது பந்தை, அந்தச் சிவப்பு பந்தின் சாயம், வளைந்ததும் பந்து. பளிங்கு பதினோரு வருஷமும் பன்னிரண்டாவது ஆள். அவர் வந்தால் ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் வரும், அதற்குத்தான் அந்தக் கைதட்டல். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். உன் அத்தான் அந்தப் பிளானல் ஒட்டைத் தைப்பதற்கு முன்னால் ஒட்டடைக்கம்பின் பந்து எவ்வளவு தேய்த்தாலும் லேசாகத்தான் வளைந்தது. தைத்த பிறகுதான் அதற்கு ஒரு பளபளப்பு வந்தது, பாம்பு மாதிரி வளைந்தது, எதிரணி நடுங்கியது. “அக்கா, அண்ணன்கிட்டச் சொல்லிடாதீங்க, அடி ஏதும் இல்லன்னு தெரிஞ்சா ஒட்டைப் பிரிச்சிடுவாரு” என்று அந்தப் பிள்ளை என்னிடம் கெஞ்சினான். நானும் சொல்லவில்லை. அடிவாங்குகிறானே என்று இப்படி உருகுகிற மனுஷனிடம் எதைச் சொல்வது? அதனால் பட்டியலை மாற்றாதே. ஒட்டடைக்கம்பே முதலில் இருக்கட்டும், அவன் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் உன் அத்தான் பெயரையும் எழுது. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படித்துச் சொல்லப்போவது நான்தான். சவரக்கடைக்காரரிடமும் பேசியாயிற்று, வாய் திறக்க மாட்டார். பளிங்கு முதலில் என்று படித்தால் மீசை பிழைக்கும், உள்ளதை உள்ளபடி படித்தால் போகும். எப்படிப் படிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நாற்பத்தாறு வருஷமாகக் குத்துகிறது, தம்பி.