வராதவருக்குக் கைதட்டிய சக்கரம்

எமனே வந்து ஒருவரைக் கூட்டிப் போனாலும், "எங்கிட்ட லீவு சொன்னாரா?" என்று கேட்கக்கூடிய ஒரே பெண்பிள்ளை எங்கள் சக்கர டீச்சர்தான்.

உண்மையில் அவள் டீச்சரே இல்லை. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி நிற்கும் சின்ன நூலகத்தின் நூலகர். உப்பு வாரும் வீட்டில் பிறந்து படித்து வேலைக்கு வந்தவள். சனிக்கிழமை சாயங்காலம் உப்பளத்துப் பெண்களான எங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். எங்கே போனாலும் யார் வரவில்லை என்று பார்ப்பதுதான் அவள் வியாதி. ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையிடமே, "உங்க சித்தப்பா எங்க, காணோம்?" என்று கேட்டு, ஆறிப்போன குடும்பச் சண்டையை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்தாள்.

நூலகச் சுவருக்குக் கதவளவு டிவி ஒன்று வந்தது. இன்டர்நெட்டில் இருந்த ஒரு சக்கரத்தை அதில் கொண்டுவந்தாள். எங்கள் பேரெல்லாம் வண்ணத் துண்டுகளாக அதில் இருக்கும். தன் பேரையும் 'டீச்சர்' என்று போட்டிருந்தாள். விரலால் தொட்டால் சுற்றும். எந்தத் துண்டில் நிற்கிறதோ அந்தப் பேர் பெரிதாக வரும், டிவியே கைதட்டும். பேர் வந்தவர் எழுந்து ஒரு பக்கம் படிக்க வேண்டும். மரியாள் தன் பேர் வரக்கூடாதென்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருப்பாள்.

ஐப்பசி மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீர். பொழுது சாயுமுன்னே இருட்டு. அப்படி ஒரு சனிக்கிழமை சக்கரம் நின்றது.

'ஏழுமலை.'

டிவி கைதட்டியது.

ஏழுமலை சித்திரையிலேயே செத்துப்போனவர். நூலகத்து ஃபேன் காற்றுக்காகவே மெம்பர் ஆகி, எங்கள் வகுப்பிலும் வந்து உட்கார்ந்தவர். அவர் பெண்டாட்டி அஞ்சலை எங்களோடு பாயில்தான் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏழுமலை வரல. அடுத்தது யாரு?" என்றாள்.

அடுத்த வாரமும் ஏழுமலை. அதற்கடுத்த வாரமும் ஏழுமலை. ஆளில்லாத மூலையைப் பார்த்து டிவி கைதட்டும்போது, முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும்.

"பேரை எடுத்துடும்மா," என்றேன்.

"மெம்பர் வந்து சொன்னாத்தான் எடுப்பேன், ஆயா. அதான் ரூல்ஸு."

"வந்து சொல்றதுக்குத்தான்டி அவரு இந்தப் பாடு பட்டுக்கினு இருக்காரு!"

மரியாள் டிவிக்கு ஒரு சிலுவை மாட்டினாள். வேறொருத்தி எலுமிச்சம்பழம் கட்டினாள். இரண்டுக்கும் நடுவில் ஏழுமலை விடாமல் வந்துகொண்டிருந்தார். வருகிற பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். அஞ்சலையும் நின்றாள். "தூக்கமே வரல. என்னமோ கேக்குறாரு, என்னான்னு தெரியல," என்று அழுதாள்.

"வர்ற சனிக்கிழமையும் ஆளு வரலன்னா வகுப்பை மூடச் சொல்லிட்டாங்க, ஆயா," என்றாள் டீச்சர். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்போதுதான் நான் பஸ் போர்டு படிக்க ஆரம்பித்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அஞ்சலை விறுவிறுவென்று உள்ளே வந்தாள். வேடிக்கை பார்க்க மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே குடை பிடித்து நின்றார்கள். அவளே சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். ஏழுமலை. கைதட்டல்.

"யோவ், என்னாய்யா வேணும் உனக்கு? வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்!"

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, அவரு மேல தப்பில்ல. நான்தான்... வாராவாரம் யாரு வரலயோ அவங்க பேரை இன்னொரு தடவை போட்டுருவேன். உப்புப் பாத்திக்குத் தண்ணி விடுறப்போ ஒருத்தர் முறை தப்பிப்போனா மறுநாள் சேர்த்து விடுறதில்லையா? எங்கப்பா அப்படித்தான் விடுவாரு. வந்து படிச்சா ஒரு பேரை எடுத்துருவேன். இவருதான் சித்திரையிலருந்து வரவே இல்லையே!"

பாதிச் சக்கரம் ஏழுமலையாகவே இருந்திருக்கிறது! துண்டுகளில் எழுத்து நூல் மாதிரி மெல்லிசு, அதுவும் பாதி தலைகீழாக. எங்களுக்கு நேராக நின்ற எழுத்தே தகராறு.

அஞ்சலைதான் முதலில் சிரித்தாள். "உசுரோட இருந்தப்பவே சோத்துக்குக் கூப்ட்டா வரமாட்டாரு. இப்போ கூப்ட்டா வந்துருவாரா? குடு, அவரு முறையை நான் படிக்கிறேன். புருஷன் பாத்திக்குப் பொண்டாட்டி தண்ணி கட்டக்கூடாதா?"

திக்கித் திக்கிப் படித்தாள். ஜன்னலில் நின்றவர்கள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வகுப்பு பிழைத்தது.

அப்புறம் ஏழுமலை வரும்போதெல்லாம் அஞ்சலை எழுந்து படித்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் துண்டில் ஒன்று குறைந்தது. கடைசித் துண்டு மட்டும் மிஞ்சிய சனிக்கிழமை, சக்கரம் நெடுநேரம் சுற்றி, அத்தனை பேரையும் தாண்டி அதில்தான் வந்து நின்றது. அஞ்சலை திக்காமல் படித்து முடித்தாள். அணைத்து வைத்திருந்த ஃபேன் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அதற்கு மட்டும் டீச்சரிடம் ரூல்ஸ் இல்லை.

போன வருஷம் அவளுக்கு மாற்றல் வந்தது. ஊரையே 'லீவு சொன்னியா?' என்று கேட்டவள், அழுகை வந்துவிடும் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். புதிதாக வந்த நூலகர், "டீச்சர்னு ஒரு பேரு இருக்குதே, எடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

"மெம்பர் வந்து சொன்னாத்தான் எடுக்கணும், தம்பி," என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

வாராவாரம் அவள் பேரை இன்னொரு தடவை போடுகிறோம். இப்போது பாதிச் சக்கரம் அவள்தான். அவள் பேரில் நின்று டிவி கைதட்டும்போது யாரும் பயப்படுவதில்லை. எல்லாரும் ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்க்கிறோம்.