ஆறு நிமிடம் ஊறிய மேத்தி

“இதுல எதுங்க கசூரி மேத்தி?”

கலாராணி கணவரிடம் இரண்டு போத்தல்களை நீட்டினாள். இரண்டிலும் நொறுங்கிய காய்ந்த வெந்தய இலை. தங்கை சென்னையிலிருந்து கொண்டுவந்தபோது ஒன்றில் மேத்தி, மற்றதில் கசூரி மேத்தி என்று எழுதியிருந்தது. வீட்டு வேலைக்கு வரும் கருப்பம்மா போன வாரம் போத்தல்களைக் கழுவியதில் எழுத்து போய்விட்டது. பகல் சாப்பாட்டுக்குத் தங்கை வருகிறாள். கோழிக்கறியில் கசூரிதான் விழ வேண்டும்.

“தெமோதரைத் தோட்டத்துக்கே டீமேக்கர் நீங்க. மோந்து சொல்லுங்க.”

ஜெயரூபன் மோந்து பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலவே மணந்தன. மறுபடியும் மோந்தார்.

இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். காய்ச்சலோடு மூக்கும் நாக்கும் போனவர்களை அவருக்குத் தெரியும். நாளைக் காலை ஃபெக்டரியில் தோட்டத்துத் தொரை முன்னால் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடமாக அந்த நாக்கில்தான் குடும்பம் நடக்கிறது.

“மூக்கு கெடக்கட்டும். ஊத்திப் பாத்துருவோம்.”

“மேத்தியையா?”

“அதுவும் இலைதானே!”

தேயிலைக்குச் செய்வதுபோலவே இரண்டு வெள்ளைக் கோப்பைகள். நிறுத்து இரண்டு கிராம். கொதிநீர். கடிகாரத்தைப் பார்த்து ஆறு நிமிடம். கரண்டியில் அள்ளி, சர்ரென்று உறிஞ்சி, வாயில் உருட்டி, தொட்டியில் துப்பினார். கசப்பு. அடுத்ததும் அதே கசப்பு.

“எதுங்க?”

“சாயம் பத்தல.”

இன்னும் இலை போட்டுச் சாயத்தைக் கூட்டினார். பால் ஊற்றிப் பார்த்தார். மேசையில் பதினாறு கோப்பைகள் நின்றன. அடுப்பில் கோழி அடிப்பிடித்தது.

“இதுதான் கசூரி,” என்றார் கடைசியில். “முடிவுல லேசா ஒரு காரம் இருக்கு.”

“கண்ண மூடுங்க.” அவள் கோப்பைகளை இடம் மாற்றினாள். “இப்ப?”

அவர் மறுபடி உறிஞ்சிப் பார்த்து, முதலில் கசூரி இல்லை என்ற கோப்பையைக் காட்டினார்.

கலாராணி சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“என்னங்க, ருசி தெரியலியா?”

“கசப்பு தெரியுது. வித்தியாசந்தான் தெரியல.”

அதற்கு மேல் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. போனை எடுத்துத் தொரையை அழைத்தார்.

“சேர், ஜெயரூபன். நாளைக்கு நம்ம அசிஸ்டன்ட் நிமலன ருசி பாக்கச் சொல்லுங்க. எனக்கு நாக்கு போயிருச்சு சேர்... ஆமா சேர். இனிமே அவனே பாக்கட்டும்.”

போனை வைத்தார். கலாராணி அவர் தோளைத் தொட்டாள்.

“போனா போகுது. இனியாவது என் ரசத்துல குத்தம் சொல்ல மாட்டீங்கல்ல?”

கழுவக் கோப்பைகளை எடுக்க வந்த கருப்பம்மா, மேசையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா ஏசக்கூடாது. கழுவுறப்ப ஒரு போத்தல்ல இருந்தது தண்ணியில கொட்டிருச்சு. இன்னொண்ணுல இருந்ததத்தான் ரெண்டுலயும் பிரிச்சுப் போட்டேன்... ரெண்டும் ஒரே இலைதாங்கய்யா.”